மூன்றாவது தடவை அனுப்பும்போது



போன எபிசோட்ல 1942 ஏப்ரல்ல மெட்ராஸ் நகரம் காலியான கதையைப் பேசினோம். குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா மிருகங்கள் ஊருக்குள்ள வந்துடும்னு பயந்து, ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னாடி இருந்த மிருகக்காட்சி சாலையில சிங்கம் புலியையெல்லாம் சுட்டுக் கொன்ன பகுதிதான் பெரும்பாலானவங்க மனசுல நின்னிருக்கு. நிறைய பேர் அதைப் பத்தித்தான் எழுதியிருந்தீங்க. ஒருத்தர் மட்டும் வேற மாதிரி ஒரு கேள்வி அனுப்பியிருந்தாங்க. "ஜப்பான் கப்பற்படை இந்தப் பக்கம் வந்திருக்குன்னு முதல்ல யாருக்கு, எப்படித் தெரிஞ்சுது? அப்ப என்ன சாட்டிலைட்டா இருந்துச்சு?"

நல்ல கேள்வி. சாட்டிலைட் இல்லை. மனுஷங்க இருந்தாங்க. எட்டு பேர், ஒன்பது பேர் ஒரு விமானத்துல ஏறி, கடலுக்கு மேல பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் தனியாப் பறந்து, ஜன்னல் வழியா கண்ணால தேடுவாங்க. கப்பல் கண்ணுல பட்டா ரேடியோவுல சொல்லுவாங்க. அவ்வளவுதான் சிஸ்டம். அதுல ஒரு சிக்கல். எதிரிக் கப்பலை நீங்க பார்க்கிற தூரத்துல இருந்தா, அவனும் உங்களைப் பார்க்கிற தூரத்துலதான் இருக்கான்.

இன்னிக்கு எபிசோட் அந்த மனுஷங்களைப் பத்தி. குறிப்பா இரண்டு ஸ்குவாட்ரன்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் 205, கனடா விமானப்படையின் 413.

முதல்ல அந்த விமானம். பெயர் கேடலினா, அமெரிக்கத் தயாரிப்பு. இது ஒரு பறக்கும் படகு. உடம்பின் அடிப்பகுதி படகு மாதிரி இருக்கும், தண்ணியில இறங்கும், தண்ணியிலிருந்தே ஏறும். இறக்கை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரைக்கும் கிட்டத்தட்ட 32 மீட்டர். இரண்டு எஞ்சின். உள்ளே படுக்க இடம் உண்டு, சமைக்க ஒரு சின்ன அடுப்பும் உண்டு, ஏன்னா சிலசமயம் ஒரு நாள் முழுக்க வானத்துலயே இருக்கணும். பக்கவாட்டுல ரெண்டு பெரிய கண்ணாடிக் குமிழி இருக்கும். அதுல உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். வெறும் தண்ணி. மணிக்கணக்கா தண்ணி.

இதோட பலம் தூரம். பலவீனம் வேகம். ரோந்து போகும்போது மணிக்கு 200 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் பறக்கும். ஜப்பானோட ஜீரோ விமானம் 500 கிலோமீட்டருக்கு மேல போகும். ஓட முடியாது, ஒளியணும்னா மேகம் வேணும். மேகம் இல்லாத நாள்ல மாட்டினா கதை முடிஞ்சுது.

அப்படி முடிஞ்ச முதல் கதை 1941 டிசம்பர் 7-ஆம் தேதி நடந்தது. தேதியைக் கேட்டவுடனே பேர்ல் ஹார்பர்னு நினைப்பீங்க. இல்லை, இது அதுக்குப் பல மணி நேரம் முன்னாடி.

205 ஸ்குவாட்ரன் அப்போ சிங்கப்பூர்ல செலிட்டார் தளத்துல இருந்தது. முந்தின நாள் ஆஸ்திரேலிய ஹட்சன் விமானம் ஒண்ணு, மலாயாவை நோக்கி ஜப்பான் கப்பல் கூட்டம் வருதுன்னு பார்த்துச் சொல்லிட்டு வந்துடுச்சு. அதுக்கப்புறம் கப்பல்கள் எங்கே போச்சுன்னு தெரியலை. எங்கே இறங்கப் போறாங்க, தாய்லாந்தா மலாயாவா, அதுவும் தெரியலை. போய்ப் பாருங்கன்னு கேடலினாவை அனுப்புறாங்க. பேட்ரிக் பெடல் என்ற இளம் அதிகாரி ஓட்டின கேடலினா, சயாம் வளைகுடா பக்கம் போனது. மொத்தம் எட்டு பேர்.

அந்தக் கப்பல் கூட்டத்தை அவங்க நெருங்கிட்டாங்க. ஜப்பான் போர் விமானங்கள் சுட்டு வீழ்த்திடுச்சு. எட்டு பேரும் இறந்துட்டாங்க. ஜப்பானோட நடந்த அந்தப் பெரிய போர்ல நேச நாடுகள் தரப்பின் முதல் சாவுகள்னு இந்த எட்டு பேரைத்தான் சொல்றாங்க.

ஆனா எனக்கு உறைச்ச விஷயம் வேற. அவங்ககிட்டயிருந்து எந்தத் தகவலும் சிங்கப்பூருக்கு வந்து சேரலை. பார்த்தாங்களா? பார்த்தாங்க. சொல்ல முயற்சி பண்ணாங்களா? யாருக்குத் தெரியும். சிங்கப்பூர்ல உட்கார்ந்திருந்தவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம், வரவேண்டிய நேரத்துக்கு ஒரு விமானம் வரலைங்கிறது மட்டும்தான். சர்வர் மானிட்டரிங் பண்றவங்களுக்கு இது புரியும். எரர் மெசேஜ் வந்தா ஒரு வகையில நிம்மதி, என்ன பிரச்சனைன்னு தெரியும். ஒண்ணுமே வராம கிராஃப் கோடு பாதியில நின்னு போச்சுன்னா அதுதான் வயித்தைக் கலக்கும். மறுநாள் நள்ளிரவு தாண்டி ஜப்பான் படை கோத்தா பாருவுல இறங்குச்சு.

அதுக்கப்புறம் 205 ஸ்குவாட்ரன் பின்வாங்கிட்டே இருந்துச்சு. சிங்கப்பூர்லயிருந்து ஜாவா, ஜாவாவிலிருந்து ஆஸ்திரேலியா. வழியெல்லாம் விமானங்களை இழந்துகிட்டே போச்சு. 1942 மார்ச் 3, ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்துல தண்ணியில நின்னுகிட்டிருந்த பறக்கும் படகுகளை ஜீரோக்கள் வந்து கொளுத்தினப்போ அதுலயும் இவங்களோட கேடலினாக்கள் போச்சு. மார்ச் கடைசியில அந்த ஸ்குவாட்ரன் காகிதத்துலயே கிட்டத்தட்ட இல்லை. தப்பிச்ச சில விமானங்களும் ஆட்களும் இலங்கைக்கு வந்து சேர்ந்தாங்க.

இங்கேதான் 413 கதைக்குள்ள வருது. கனடாக்காரங்க. 1941 ஜூலையில ஸ்காட்லாந்துல ஆரம்பிச்ச ஸ்குவாட்ரன். அப்புறம் ஷெட்லண்ட் தீவுகள்ல, குளிர்லயும் பனிமூட்டத்துலயும் வட அட்லாண்டிக் ரோந்து. அங்கேயும் இழப்புதான். அந்த வருஷம் அக்டோபர்ல நார்வே பக்கம் போன ஒரு கேடலினா திரும்பலை, அதுல ஸ்குவாட்ரனோட தலைமை அதிகாரியே இருந்தார். இவங்களைத்தான் 1942 மார்ச்ல அவசரமா இலங்கைக்கு மாத்துறாங்க. ஷெட்லண்ட் குளிர்லயிருந்து நேரா கொக்கலை வெயிலுக்கு.

கொக்கலை, காலிக்கும் மாத்தறைக்கும் நடுவுல, கடலை ஒட்டி ஒரு ஏரி. போன வருஷம் ரெண்டு நண்பர்களோட இலங்கை போனப்போ கரையோர ரயில்ல அந்த வழியாப் போனேன். சின்ன ஸ்டேஷன். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தென்னை, அதுக்குப் பின்னாடி ஏரி. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவோட ஊர் இது. போர்க்காலத்துல விமானத் தளத்துக்காக அந்த ஊர் மக்களைக் குறுகிய அவகாசத்துல வெளியேத்திட்டாங்க. விக்கிரமசிங்க பிறந்த வீடு மட்டும் இடிபடாம தப்பிச்சது, இப்போ அது மியூசியம். ராணுவத் தளத்துக்காக ஒரு கிராமமே காணாமப் போன கதை தனி எபிசோடுக்கு உரியது, அதை இன்னொரு நாள் பேசலாம்.

இப்ப 1942 ஏப்ரல் முதல் வாரத்துக்கு வருவோம். சிங்கப்பூர் விழுந்தாச்சு, ரங்கூன் விழுந்தாச்சு. அடுத்தது இலங்கைன்னு எல்லாருக்கும் தெரியும். சங்கேதச் செய்திகளை உடைச்சுப் படிச்ச உளவுப் பிரிவு, ஏப்ரல் 1 வாக்குல தாக்குதல் வரும்னு முன்கூட்டியே சொல்லிடுச்சு. அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில் பிரிட்டிஷ் கிழக்குக் கப்பற்படையைக் கூட்டிக்கிட்டு இலங்கைக்குத் தெற்கே போய்க் காத்திருக்கார். ஒரு நாள். ரெண்டு நாள். மூணாவது நாளும் போச்சு. ஒண்ணும் வரலை.

என் முதல் வேலையில நடந்ததைச் சொல்றேன். ஆன்-கால் வாரம். ராத்திரி ஒரே அலர்ட் மூணு தடவை அடிச்சது, மூணு தடவையும் போய்ப் பார்த்தா பொய். நாலாவது தடவை மூணு மணிக்கு அடிச்சப்போ நான் அதை ம்யூட் பண்ணிட்டுப் படுத்துட்டேன். அது நிஜம். காலையில மேனேஜர் முகத்தைப் பார்க்கவே தைரியம் வரலை. அதனால சோமர்வில்லை நான் கொஞ்சம் இரக்கத்தோடதான் பார்க்கிறேன். தண்ணியும் எரிபொருளும் குறைஞ்சுபோச்சு, எச்சரிக்கை பொய்யின்னு முடிவு பண்ணி, ஏப்ரல் 2 ராத்திரி படையை மாலத்தீவுல இருந்த அட்டு அட்டோல் ரகசியத் தளத்துக்குத் திருப்பிட்டார். சில கப்பல்களைப் பிரிச்சும் அனுப்பிட்டார். டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற ரெண்டு க்ரூசர்கள் கொழும்புக்கு. ஹெர்மீஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பல் திருகோணமலைக்கு. இந்த மூணு பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஏப்ரல் 2-ஆம் தேதிதான் 413-ஐச் சேர்ந்த லியோனார்ட் பர்ச்சல் கொக்கலைக்கு வந்து இறங்குறார். கனடாவின் ஒன்டாரியோக்காரர், வயசு 26. என்னைவிடச் சின்னவர். நாலாம் தேதி விடியறதுக்கு முன்னாடி ஏரியிலிருந்து ஏறிட்டார். இந்தக் கடல்ல அவருக்கு அதுதான் முதல் ரோந்து. உள்ளே ஒன்பது பேர். அவரும், நேவிகேட்டர் பார்ட் ஓனியட்டும் கனடாக்காரங்க, மத்தவங்க பிரிட்டிஷ் விமானப்படை.

நாள் பூரா பறந்தாங்க. ஒண்ணுமில்லை. திரும்ப வேண்டிய நேரம். ஆனா தாங்க எங்கே இருக்கோம்னு துல்லியமாத் தெரிஞ்சுக்க, நிலா எழும்புற வரைக்கும் கொஞ்ச நேரம் கூடுதலா இருந்துட்டுப் போகலாம்னு முடிவு பண்றாங்க. அப்போ ஜிபிஎஸ் கிடையாது, நிலாவையும் நட்சத்திரத்தையும் அளந்துதான் இடம் கண்டுபிடிக்கணும். அந்தக் கூடுதல் நேரத்துலதான், மாலை நாலு மணி வாக்குல, தெற்கே அடிவானத்துல புள்ளிகள் தெரிஞ்சுது. இலங்கைக்குத் தென்கிழக்கே சுமார் 650 கிலோமீட்டர்.

இப்ப பர்ச்சலோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க. "ஏதோ கப்பல் தெரியுது"ன்னு தூரத்திலிருந்தே சொல்லிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனா யாரோட கப்பல்? எத்தனை? எந்தத் திசையில, எவ்வளவு வேகத்துல போகுது? இதெல்லாம் இல்லாத தகவலை வச்சு கொழும்புல யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. தகவலோட தரம் வேணும்னா பக்கத்துல போகணும். போகப் போக, திரும்பி வர்ற வாய்ப்பு குறையுது. அவர் போனார். பார்த்தது சின்னக் கூட்டமில்லை. நகுமோவின் தலைமையில ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்களோட வந்த படை. பேர்ல் ஹார்பரைத் தாக்கினதே இந்தப் படைதான், ஒரு கப்பல் மட்டும் பழுதாகி ஊருக்குப் போயிருந்தது.

செய்தியைச் சங்கேதத்துல மாத்தி ரேடியோவுல அனுப்ப ஆரம்பிச்சாங்க. விதிப்படி ஒரே செய்தியை மூணு தடவை அனுப்பணும். ஒண்ணு போச்சு. ரெண்டு போச்சு. மூணாவது பாதியில இருக்கும்போது ஜீரோக்களோட குண்டு ரேடியோவை உடைச்சிடுச்சு. உள்ளே எரிபொருள் தொட்டி தீப்பிடிச்சுது, அணைச்சாங்க, மறுபடி பிடிச்சுது. எப்படியோ கடல்ல இறக்கினார். ஒருத்தர் விமானத்தோடயே மூழ்கிட்டார். மீதி எட்டு பேர் தண்ணியில. தண்ணியில கிடந்தவங்களையும் ஜீரோக்கள் சுட்டுச்சு. குண்டு வரும்போது மத்தவங்க மூழ்கித் தப்பிச்சாங்க. படுகாயத்தோட லைஃப் ஜாக்கெட்ல மிதந்துகிட்டிருந்த ரெண்டு பேரால மூழ்க முடியலை. காப்பாத்துறதுக்காகப் போட்ட ஜாக்கெட்.

ஆறு பேரை இசோகாசே என்ற ஜப்பான் நாசகாரிக் கப்பல் தூக்கிக்கிச்சு.

அடுத்து நடந்ததைப் படிச்சப்போ நான் புத்தகத்தை மூடி வச்சுட்டுக் கொஞ்ச நேரம் பால்கனியில போய் நின்னேன். கப்பல்ல இவங்களை அடிச்சு விசாரிக்கிறாங்க. "ரேடியோவுல தகவல் சொல்லிட்டீங்களா?" பர்ச்சல் சொல்றார், இல்லை, நேரம் கிடைக்கலை. கப்பற்படை மாட்டிக்கலைன்னு நினைச்சு அவங்க திட்டப்படி முன்னாடி போனா கொழும்புக்கு நல்லது, அதான் அவர் கணக்கு. பொய் கிட்டத்தட்ட வேலை செஞ்சுது. அந்த நேரம் பார்த்து, கொழும்பு ரேடியோ நிலையம் ஒரு செய்தி அனுப்புது. உங்க தகவல் சரியா விழலை, திரும்ப அனுப்பவும்.

ஜப்பான்காரங்க அதை ஒட்டுக் கேட்டுட்டாங்க. திரும்ப அடி.

நெட்வொர்க்கிங் பேப்பர் எழுதினவங்களுக்கெல்லாம் இது தெரியும். அனுப்பினது வந்து சேர்ந்துச்சுன்னு பதில் வரணும், வரலைன்னா திரும்ப அனுப்பணும், சிதைஞ்சு வந்தா திரும்பக் கேக்கணும். கொழும்புல இருந்த ஆப்பரேட்டர் தப்பு ஒண்ணும் பண்ணலை. நெறிமுறைப்படிதான் கேட்டார். மறுமுனையில யாரோட கையில அந்தக் கேள்வி போய் விழுதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? இதை நான் காலேஜ்ல மூணு மார்க் கேள்வியாப் படிச்சேன்.

சரி, கொழும்பு. அங்கே தளபதியா இருந்த ஜெஃப்ரி லேட்டனுக்குத் தேவையானது கிடைச்சிடுச்சு. ராத்திரியோட ராத்திரியா துறைமுகத்துலயிருந்து முடிஞ்ச வரைக்கும் கப்பல்களை வெளியேத்துறாங்க. கூடவே இன்னொரு கேடலினாவை அனுப்புறாங்க. இது 205-ன் மிச்சத்துல ஒண்ணு, ஓட்டினவர் கிரஹாம். வேலை, ஜப்பான் படையைப் பின்தொடர்ந்துகிட்டே இருக்கிறது. பகல்ல பர்ச்சல் விமானத்துக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சே கிளம்புறாங்க. இருட்டு அவங்களைக் காப்பாத்துச்சு. ராத்திரி முழுக்கத் தொடர்ந்து தகவல் அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. விடிஞ்சுது. காலை ஆறேகால் வாக்குல கடைசித் தகவல். வெளிச்சம் வந்தா என்ன ஆகும்னு உள்ளே இருந்த ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் அந்த விமானம் திரும்பலை. யாரும் பிழைக்கலை.

அன்னிக்கு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை மணி வாக்குல சுமார் 125 ஜப்பான் விமானங்கள் கொழும்புக்கு மேல. இவ்வளவு எச்சரிக்கைக்கு அப்புறமும் ராடார்ல அவங்க வந்தது தெரியலை. ரத்மலானைத் தளத்துல இருந்த ஹரிகேன் விமானங்கள், தலைக்கு மேல எதிரி வந்த பிறகுதான் அவசர அவசரமா மேல ஏறுச்சு. திருகோணமலையிலிருந்து வந்துகிட்டிருந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் நேரா இதுக்குள்ள வந்து மாட்டி, ஆறும் போச்சு. ஒரு பகல், ஒரு ராத்திரி, ரெண்டு கேடலினா. அப்படி வாங்கின தகவல் கடைசிக் கிலோமீட்டர்ல வீணாச்சு. இது எனக்கு இன்னும் கோபம் வர்ற இடம்.

ஆனா துறைமுகத்துலயிருந்து நிறைய கப்பல்கள் வெளியே போயிருந்தது. ஹெக்டர், டெனடோஸ் ரெண்டும் மூழ்கினாலும், ஜப்பான் எதிர்பார்த்து வந்த பெரிய இரை அங்கே இல்லை. அதனாலதான் பர்ச்சலுக்கு "இலங்கையின் ரட்சகர்"னு பட்டமே வந்தது.

அந்தப் பட்டத்தோட எனக்குக் கொஞ்சம் தகராறு இருக்கு. பர்ச்சல் செஞ்சது சின்ன விஷயம்னு சொல்ல வரலை. ஆனா கணக்கைப் பாருங்க. ஞாபகம் வச்சுக்கச் சொன்ன மூணு கப்பல்ல டார்செட்ஷயரும் கார்ன்வாலும், இந்த எச்சரிக்கையால சனிக்கிழமை ராத்திரி கொழும்பிலிருந்து கிளம்பி சோமர்வில்லைத் தேடிப் போச்சு. ஞாயிறு மதியம் நடுக்கடல்ல ஜப்பான் விமானங்கள் கண்டுபிடிச்சு, கொஞ்ச நிமிஷத்துல ரெண்டையும் மூழ்கடிச்சுது. 424 பேர் இறந்தாங்க. 1,122 பேரை அடுத்த நாள்தான் காப்பாத்த முடிஞ்சுது. துறைமுகத்துலயே நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்? அதுவும் தெரியாது, அங்கேயும் குண்டு விழுந்துச்சே. தகவல் ஒரு உயிரைக் காப்பாத்தும்போதே இன்னொரு உயிரை வேற இடத்துக்கு நகர்த்துது. ரட்சகர்ங்கிற ஒத்தை வார்த்தைக்குள்ள இதெல்லாம் அடங்காது.

அடுத்து திருகோணமலை. ஏப்ரல் 8 மதியம், கிழக்கே ரொம்பத் தூரத்துல நகுமோவின் படையை ஒரு கேடலினா பார்த்துடுச்சு. தகவல் சொல்லிட்டுப் பத்திரமாத் திரும்பியும் வந்துடுச்சு. அந்தத் தகவலால அன்னிக்கு ராத்திரியே திருகோணமலைத் துறைமுகம் காலியாச்சு. சொல்லப்போனா இந்தக் கதையிலேயே மிகச் சரியா நடந்த ரோந்து இதுதான். இதை ஓட்டினவங்களுக்குப் பட்டம் எதுவும் இல்லை. அடிபடாமத் திரும்பினவங்க கதை யாருக்கு வேணும்?

மறுநாள் 9-ஆம் தேதி காலை, 413-ன் இன்னொரு கேடலினா. ஓட்டினவர் ரே தாமஸ். அவரும் கண்டுபிடிச்சுட்டார். செய்தி அனுப்ப ஆரம்பிச்சது, பாதியில நின்னுடுச்சு. ஒருத்தரும் பிழைக்கலை. அவர் அனுப்பிக்கிட்டிருந்த அந்த நேரத்துல ஜப்பான் குண்டுவீச்சு விமானங்கள் ஏற்கனவே கிளம்பி, திருகோணமலையை நெருங்கிட்டிருந்துச்சு. அதாவது, அந்த அரைச் செய்தி முழுசா வந்திருந்தாலும் பெரிசா எதுவும் மாறியிருக்காது.

இதை எழுதணுமா வேண்டாமான்னு ஸ்கிரிப்ட் தயார் பண்ணும்போது ரொம்ப யோசிச்சேன். எழுதித்தான் ஆகணும்னு தோணுச்சு. பர்ச்சல் கதை சினிமா மாதிரி. செய்தி போய்ச் சேருது, நகரம் தயாராகுது, கதாநாயகன் உயிரோட திரும்புறார். தாமஸும் அதே வேலையை அதே துணிச்சலோட செஞ்சார், ஐந்து நாள் கழிச்சு. நேரம் மட்டும்தான் வேற.

திருகோணமலையில அன்னிக்கு சீனன்குடா எண்ணெய்க் குதங்கள்ல ஒண்ணு எரிஞ்சுது. அந்தப் பக்கம் போனவங்க அந்தக் குதங்களைப் பார்த்திருப்பீங்க. மூணாவது கப்பலான ஹெர்மீஸ், முந்தின ராத்திரி எச்சரிக்கையால துறைமுகத்தை விட்டுக் கிளம்பிக் கரையோரமாத் தெற்கே போயிருந்தது. ஆபத்து முடிஞ்சுதுன்னு திரும்பி வரும்போது மட்டக்களப்புக்கு அப்பால மாட்டிக்கிச்சு. விமானம் தாங்கிக் கப்பல், ஆனா அன்னிக்கு அதுல தாங்க ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தாங்க. இப்பவும் அது மட்டக்களப்புக் கடலடியில கிடக்குது, ஆழ்கடல் முக்குளிப்பு செய்றவங்க போய்ப் பார்க்கிறாங்க.

நம்ம பக்கத்துக்கு வந்தா, நடுவுல ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு விழுந்துச்சு. வேறொரு ஜப்பான் படை வங்காள விரிகுடாவுல இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடிச்சுது. அதுக்கப்புறம்தான் மெட்ராஸ் காலியானதும், அந்தச் சிங்கம் புலி கதையும். கேள்வி கேட்டவங்களுக்கு இதுதான் பதில். ரெண்டாயிரம் கிலோமீட்டர் கடலைப் பார்க்க நம்ம பக்கத்துல இருந்தது கைவிரல் விட்டு எண்ணுற அளவு கேடலினா. அதுல மூணை ஆறு நாளைக்குள்ள இழந்தாச்சு. கண் இல்லாத ஊர் வதந்தியை நம்பும், வேற என்ன பண்ணும்?

பர்ச்சலுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. மூணு வருஷத்துக்கு மேல ஜப்பான்ல போர்க் கைதி. வீட்டுக்காரங்களுக்கு அவர் உயிரோட இருக்கார்ங்கிற தகவலே ரொம்ப காலம் கிடைக்கலை. முகாம்ல மூத்த அதிகாரியா இருந்து, உடம்பு முடியாதவங்களை வேலைக்கு அனுப்பினா எல்லாரும் வேலை நிறுத்தம்னு உட்கார்ந்துட்டார். அதுக்கும் அடி, தண்டனை முகாமுக்கு மாத்தினாங்க. அங்கே நடந்ததையெல்லாம் ரகசியமா எழுதி வச்சிருந்தார், அது போருக்குப் பின்னாடி விசாரணைகள்ல பயன்பட்டது. 1945 ஆகஸ்ட்ல விடுதலை. 2004-ல 89 வயசுல இறந்தார். என் கணக்குல, ஏப்ரல் 4-ஆம் தேதி மாலையைவிட அந்த முகாம்ல அவர் செஞ்சதுதான் பெரிய விஷயம். கடல்ல அவருக்கு யோசிக்க சில நிமிஷம்தான் கிடைச்சிருக்கும். முகாம்ல தினமும் காலையில எழுந்து யோசிக்கவேண்டியிருந்துச்சு.

ஒரு கிளைக்கதை, சொல்லாம விட மனசு வரலை. அதே கொக்கலை ஏரியிலிருந்து, 1943-லயிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு குவாண்டாஸ் ஆட்கள் கேடலினா ஓட்டினாங்க. நடுவுல ஜப்பான் கட்டுப்பாட்டுல இருந்த வானம், ரேடியோ போடக்கூடாது, ஒரே மூச்சுல 27 மணி நேரத்துக்கு மேல பயணம். பயணிகள் ஒரே பயணத்துல ரெண்டு சூரியோதயம் பார்ப்பாங்க. மொத்தம் 271 தடவை கடந்தாங்க, ஒரு விமானம்கூடப் போகலை. அதே விமானம், அதே ஏரி. வித்தியாசம் என்னன்னா, இவங்க வேலை யார் கண்லயும் படாம போறது. 413 வேலை, கண்ல படுற தூரத்துக்குப் போறது.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ் வேலையா சிங்கப்பூர் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எம்ஆர்டி பிடிச்சு கிராஞ்சி நினைவிடத்துக்குப் போனேன். தூரத்திலிருந்து பார்த்தா மேல ஒரு விமான இறக்கை விரிஞ்ச மாதிரி கட்டடம். அதைத் தாங்குற சுவர்கள் முழுக்கப் பெயர்கள், கல்லறை இல்லாத 24,000-க்கும் அதிகமானவங்க. தெற்கு, கிழக்கு ஆசியாவிலயும் சுத்தியிருக்கிற கடல்கள்லயும் காணாமப் போன விமானப்படையினருக்கும் அங்கேதான் இடம். இந்தியப் படை வீரர்களோட பெயர்களும் அங்கே நிறைய. முதல்ல நம்ம ஊர்ப் பெயர்களைத் தேடினேன், யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வோம். அப்போ எனக்குக் கேடலினாவும் தெரியாது, தாமஸும் தெரியாது. விமானப்படைப் பக்கத்தை போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன். இந்த எபிசோடுக்காக அந்த போட்டோக்களைத் திறந்து பார்த்தா, பாதி ஆடிப் போயிருக்கு, மீதியில வெயில் பட்டு எழுத்து தெரியலை.

413 ஸ்குவாட்ரன் இன்னிக்கும் இருக்கு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவுல கிரீன்வுட் தளம். இப்போ தேடல், மீட்புப் பணி பண்றாங்க. கடல்ல யாராவது காணாமப் போனா முதல்ல கிளம்பிப் போறது அவங்கதான். பனி பெய்யற அந்த ஊர்ல, அவங்க சட்டையில குத்தியிருக்கிற சின்னம் ஒரு யானைத் தலை. இலங்கையிலிருந்து எடுத்துட்டுப் போனது.